குழந்தையின் கண்பார்வையைக் காக்க: காலை முதல் இரவு வரை வீட்டில் பழக்க வேண்டியவை

என் மகளுக்கு ஏழு வயதில் முதல் கண்ணாடி போட்டோம். கடையை விட்டு வெளியே வந்து நாலு அடி நடந்திருப்போம், அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா, அங்கே கம்பி இருக்கு!" என்றாள். மேலே மின்கம்பியில் வரிசையாகக் குருவிகள். அதுவரை அவளுக்குக் குருவிகள் மட்டுமே தெரிந்திருக்கின்றன, அதுவும் மங்கலான புள்ளிகளாக. அவை காற்றிலேயே உட்காரும் என்று நினைத்திருந்தாளாம்.

ஒரு நாளும் அவள் "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? தெளிவு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தானே மங்கல் என்று சொல்ல முடியும்? கவனிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். டிவிக்கு அருகே போய் நிற்கிறாள் என்று திட்டியிருக்கிறோமே தவிர, ஏன் போகிறாள் என்று யோசிக்கவில்லை. அதன்பிறகு கண் டாக்டர்களிடம் கேட்டதும், படித்ததும், வீட்டில் செய்து பார்த்ததுமாகச் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இயற்கையாகப் பார்வையைக் காப்பது பற்றித் தேடுகிற பெற்றோர் பலருடைய மனதில் இருப்பது, போட்ட கண்ணாடியைக் கழற்ற வழி உண்டா என்ற கேள்விதான். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வைக்கு அப்படி ஒரு வழி இல்லை. உணவாலும் முடியாது, கண் பயிற்சியாலும் முடியாது. ஆனால் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட வீட்டுப் பழக்கங்களால் நிறைய முடியும். அது ஏன் என்று புரிய, கண் எப்படி வளர்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தையின் கண் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்கு அது சுமார் 24 மில்லிமீட்டர். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேகமாகவும் அதன்பிறகு மெதுவாகவும் வளர்ந்து, பிம்பம் கண்ணின் பின்பக்கத்தில் உள்ள விழித்திரையில் சரியாக விழும் அளவில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் மேலும் நீண்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. கண் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் சுமார் இரண்டரை டயாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அலகு) மைனஸ் பவர் ஏறும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது.

ஆகவே பள்ளி வயதில் நம் வேலை, கண்ணை அளவுக்கு மீறி நீளவிடாமல் பார்த்துக்கொள்வது. எட்டு வயதில் வரும் கிட்டப்பார்வையும் பதிமூன்று வயதில் வருவதும் ஒன்றில்லை. சீக்கிரம் வந்தால் பவர் ஏறுவதற்கு அத்தனை ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்துவிடுகின்றன. மைனஸ் ஆறு, ஏழு என்று போகும்போது கண்ணாடி தடிப்பதோடு விஷயம் முடிவதில்லை. பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பும் கூடுகிறது.

படி 1: இப்போது பார்வை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழக்கங்களைத் தொடங்கும் முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிள்ளை நன்றாகத்தான் பார்க்கிறான் என்று தோன்றினாலும் காட்டுங்கள். பிறந்தவுடன் ஒரு முறை, முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை, மூன்று வயதில் ஒரு முறை, பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு முறை, அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா அம்மா இருவரில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடுதல். அந்த வீடுகளில் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

பரிசோதனையின்போது கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். கண் கூசும், சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கும், பிள்ளை அழும். "அது வேண்டாமே டாக்டர்" என்று நானும் கேட்டிருக்கிறேன். அது தேவைதான். குழந்தைகளின் கண்ணில் உள்ள லென்ஸ் மிகவும் இளக்கமானது. எதையாவது பார்க்கும்போது சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியைத் தளர்த்தாமல் அளந்தால் இல்லாத மைனஸ் பவர் இருப்பதுபோலக் காட்டலாம், இருக்கும் பிளஸ் பவர் மறைந்தும் போகலாம். கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு எழுதித் தரும் பவர் குழந்தைக்குப் போதாது.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். அழுத்தக் கூடாது, விரலிடுக்கில் எட்டிப் பார்க்கவும் விடக் கூடாது. எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரின் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிவிட்டு அதையே செய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். படிக்கத் தெரியாத சின்னக் குழந்தையென்றால், விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்துவிட்டு, இன்னொன்றை மூடியதும் கையைத் தட்டிவிட்டு முரண்டு பிடித்தால், திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகப்பட வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும் குழந்தையிடம் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. நல்ல கண் எல்லாவற்றையும் சமாளித்துவிடும். மூளை மங்கலான கண்ணிலிருந்து வருவதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பட்டை ஒட்டி மூடி, மங்கலான கண்ணுக்கு வேலை கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏற அது கடினமாகிக்கொண்டே போகும். மற்றப் பழக்கங்களைத் தாமதமாகத் தொடங்கினாலும் ஏதாவது பலன் இருக்கும். இதற்குத் தவறவிட்ட காலம் திரும்ப வராது.

படி 2: தினமும் இரண்டு மணி நேரம் வெளியே

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டது. எல்லோரும் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்குத்தான். பெற்றோரின் கிட்டப்பார்வை அளவு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே. புத்தகம் படிப்பதிலும் சிட்னிப் பிள்ளைகள் குறைந்தவர்கள் இல்லை, கொஞ்சம் அதிகமாகவே படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில் இருந்தது: சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரம்.

அதன்பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிகளைப் பிரித்துச் சோதித்தே பார்த்தார்கள். ஆறு ஏழு வயது மாணவர்களைப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, அப்படி வெளியே போன பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேருக்கும், வழக்கம்போல இருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015-இல் முடிவு வெளியானது. வெறும் 40 நிமிடத்துக்கு இந்தப் பலன். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டமே நடத்துகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட்டோம். 2020-இல் கொரோனா காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிறகு, சீனாவின் ஒரு பகுதியில் பள்ளி மாணவர்களின் கண்ணைச் சோதித்தார்கள். ஆறு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் கிட்டப்பார்வை. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் எந்த வருடத்திலும் அந்த வயதில் அது 6-ஐத் தாண்டியதில்லை.

காரணம் வெளிச்சம் என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல விளக்குள்ள அறையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும், இரவில் பல வீடுகளில் அதைவிடக் குறைவு. வெளியே மேகமூட்டமான பகலிலேயே 10,000 லக்ஸ் வரை போகும். நேர் வெயிலில் ஒரு லட்சம். நம் கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் இந்த வித்தியாசத்தின் அளவு நமக்கு உறைப்பதில்லை. நல்ல வெளிச்சம் விழும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் நீள்வதற்குத் தடை போடுகிறது. கோழிக்குஞ்சுகளையும் குரங்குகளையும் வைத்துச் செய்த சோதனைகளிலும் பிரகாசமான வெளிச்சம் கண் நீள்வதைக் குறைத்திருக்கிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரும்போது சில விஷயங்கள்.

வெயிலில் காய வேண்டியதில்லை. மர நிழலிலும் வீட்டுக்குள்ளதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது, தொப்பி போட்டிருந்தாலும் அப்படியே. உச்சி வெயில் நேரத்தை விட்டுவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கிரகணத்தின்போதும்தான்.

ஓடியாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உள்ளரங்கில் விளையாடினால் கண்ணுக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை, வெளியே சும்மா உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாலும் கிடைக்கிறது. ஓடப் பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல், அவன் படம் வரையும் தாளையோ விளையாட்டுக் கட்டைகளையோ வாசலுக்கு மாற்றினாலே போதும்.

இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் தேட வேண்டாம். கிடைக்காது. பள்ளிக்கு நடந்து போகும் பதினைந்து நிமிடம், இடைவேளையில் இருபது நிமிடம், திரும்பி வரும்போது இன்னொரு பதினைந்து, மாலையில் முக்கால் மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் காலை உணவுத் தட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். அதில் மட்டும் தினமும் இருபது நிமிடம் சேர்ந்தது, யாருக்கும் எதுவும் கூடுதல் வேலையாகத் தெரியவில்லை. வாரநாட்களில் விட்டதை வாரக் கடைசியில் பிடித்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது கையில் செல்போன் மட்டும் கொடுக்காதீர்கள்.

இது கண்ணாடி போடும் முன்புதான் நன்றாக வேலை செய்கிறது. கிட்டப்பார்வை வந்துவிட்ட பிறகு, பவர் ஏறும் வேகத்தை வெளிச்சம் எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆய்வுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. அதனால் ஐந்து வயதிலிருந்தே பழக்குங்கள்.

படி 3: புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஒரு முழங்கைத் தூரம்

பிள்ளையின் கையை மடக்கி, விரல்களை மூடிய முஷ்டியைக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். முழங்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் புத்தகம் இருக்க வேண்டும். ஸ்கேல் தேடாமல் அவரவர் கையாலேயே அளந்துகொள்ளலாம். பெரிய பிள்ளைகளுக்கு இது 30 முதல் 40 சென்டிமீட்டர் வரும்.

எழுதும்போதுதான் தலை குனிந்துகொண்டே போகும். இதைச் சொல்லிச் சொல்லித் திருத்த முடியாது என்பது என் அனுபவம். "நிமிர்ந்து உட்கார்" என்று ஒரு மாலையில் முப்பது தடவை சொல்லியிருக்கிறேன், அடுத்த நிமிடமே மூக்கு நோட்டைத் தொடும். மேசையைக் கவனித்தபோதுதான் புரிந்தது. பெரியவர்களுக்கான மேசை, நாற்காலியிலிருந்து கால் தொங்குகிறது, மேசைப் பலகை அவள் நெஞ்சுக்கு வருகிறது. நோட்டுக்கு அருகே போகாமல் அவளால் எழுதவே முடியாது. நாற்காலியில் ஒரு தலையணை, காலுக்குக் கீழே ஒரு பலகை, நோட்டுக்குக் கீழே சாய்வாக ஓர் அட்டை வைத்தோம். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது. முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும், பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தலை கீழேயே போகிறதென்றால், அது பழக்கமாக இல்லாமல் பார்வைக் குறையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

இருபது நிமிடம் பக்கத்தில் பார்த்தால், ஆறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையாவது இருபது வினாடி பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆறு மீட்டர் தூரத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை தளர்ந்துவிடும். குழந்தைகள் கடிகாரம் பார்த்து இதைச் செய்ய மாட்டார்கள். படிக்கும் மேசையை ஜன்னலோரம் போட்டுவிட்டு, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். "சிவப்புக் கார் போகுது", "மாடியில துணி காயுது" என்று எதையாவது. அது விளையாட்டாகிவிடும்.

படுத்துக்கொண்டு படிப்பதை நிறுத்திவிடுங்கள். அதனால் கண் கெட்டுவிடும் என்பதற்காக இல்லை, படுத்தால் புத்தகம் தானாகவே முகத்துக்கு அருகே வந்துவிடும் என்பதற்காக. மங்கலான வெளிச்சத்தில் படிப்பதும் அப்படியே. அது கண்ணுக்கு நிரந்தரக் கேடு செய்யாது, ஆனால் பிள்ளை இன்னும் குனியும். எழுதும்போது வெளிச்சம் எழுதாத கைப்பக்கத்திலிருந்து வரட்டும், நிழல் நோட்டில் விழாது.

படி 4: செல்போனுக்கு ஓர் இடமும் நேரமும்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த பரிந்துரை இது: ஒரு வயது வரை திரை வேண்டாம். ஒரு வயது முடிந்து இரண்டு ஆகாத குழந்தைக்கும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமே திரையில் வருவதால் நிமிடக் கணக்கு மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. எந்தத் திரை, எவ்வளவு தூரத்தில் என்பதையும் பார்க்க வேண்டும்.

செல்போன் கையில் கிடைத்தால் பிள்ளைகள் அதை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார்கள். அதே கார்ட்டூனை மூன்று மீட்டர் தள்ளி டிவியில் பார்த்தால் கண்ணுக்குப் பக்கத்து வேலை ஏறக்குறைய இல்லை. எனவே பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் இருப்பதிலேயே பெரிய திரையில், முடிந்தவரை தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். ஆன்லைன் வகுப்புக்கும் செல்போனைவிட லேப்டாப் மேல், அது கைக்கெட்டும் தூரத்தில் மேசையில் இருக்கட்டும்.

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டுகிறோம். அது ஐந்தாறாகக் குறையும்போது கண் காய்ந்து, எரிந்து, சிவந்து போகிறது. பிள்ளை கண்ணைக் கசக்கத் தொடங்கினால் அன்றைக்கு அது போதும் என்று எடுத்துவிடுங்கள். ஃபேன் காற்றோ ஏசி காற்றோ முகத்தில் நேராக அடிக்காமல் இருந்தால் இது கொஞ்சம் குறையும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று விற்கிறார்களே, அதற்குச் செலவழிக்க வேண்டாம். இதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பு, கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது.

சாப்பிடும்போது, வண்டியில் போகும்போது, தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம்: இந்த மூன்று வேளையிலும் திரை கிடையாது என்று வைத்துக்கொண்டால், தினமும் நிமிடத்துக்காகச் சண்டை போடுவது குறையும். இந்த விதி பெரியவர்களுக்கும் உண்டு. நான் சாப்பாட்டு மேசையில் போனை எடுத்தால் என் மகள் கையை நீட்டுவாள், கொடுத்துவிட வேண்டும்.

படி 5: தட்டில் என்ன இருக்க வேண்டும்

கேரட் தின்றால் பார்வை கூர்மையாகும் என்ற பேச்சு பரவியதற்குப் பின்னால் ஒரு போர்க் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து விமானிகள் இருட்டிலும் எதிரி விமானங்களைக் குறி தவறாமல் வீழ்த்தினார்கள். விமானத்திலேயே ரேடார் பொருத்தியிருந்ததுதான் காரணம். அதை வெளியில் சொல்லாமல், எங்கள் விமானிகள் நிறையக் கேரட் சாப்பிடுகிறார்கள் என்று செய்தி பரப்பினார்கள். உலகமே நம்பியது.

அதற்காகக் கேரட்டை ஒதுக்க வேண்டியதில்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும், மேலும் குறைந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வையே போய்விடக் கூடும். மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்கனிகள், கீரைகள், முட்டை, பால், மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதுமானது கிடைத்துவிடும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும், ஆகவே ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமையுங்கள். ஏற்கெனவே போதுமான வைட்டமின் உள்ள குழந்தைக்கு இன்னும் அதிகமாகக் கொடுப்பதால் பவர் குறையாது. டாக்டர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. அது உடலில் தங்கும், அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும்.

படி 6: தூக்கம்

மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம். தூங்கி எழுந்த கண் எரியாது, சிவக்காது, பிள்ளை கசக்காது. இரவு விளக்கு எரிந்தால் கிட்டப்பார்வை வரும் என்று 1999-இல் ஓர் ஆய்வு சொல்லிப் பலரைப் பயமுறுத்தியது. அடுத்த ஆண்டே வேறு இரண்டு குழுக்கள் பார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு ஒரு சின்ன விளக்குப் போட்டுவைப்பதில் தப்பில்லை.

படி 7: கண்ணைக் கசக்காமல், கண்ணில் எதையும் விடாமல்

அடிக்கடி பலமாகக் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரக் கூடும். கசக்காதே என்று அதட்டுவதைவிட ஏன் அரிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அலர்ஜிதான், அதற்கு மருந்து உண்டு. அதுவரை சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் வைத்தால் அரிப்பு அடங்கும்.

தேன், காய்ச்சாறு, மூலிகைச் சாறு என்று எதையும் கண்ணுக்குள் ஊற்றாதீர்கள். இயற்கையானது என்பதாலேயே அது கண்ணுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. கிருமி புகுந்து கருவிழியில் புண் வந்தால், ஆறிய பிறகும் தழும்பு நிற்கும். போன முறை வாங்கிய சொட்டு மருந்தை மறுபடி விடுவதும் ஆபத்து. சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம்.

லேசர் விளக்கை விளையாடக் கொடுக்காதீர்கள். விழித்திரையின் நடுவில் பட்டால் பொசுங்கிவிடும், பிள்ளைக்கு வலிகூடத் தெரியாது. சுண்ணாம்போ சோப்புத் தூளோ கழுவும் திரவமோ கண்ணில் தெறித்தால், வேறெதையும் யோசிக்காமல் உடனே இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

படி 8: கண்ணாடி வந்துவிட்டால்

போட்டுவிடுங்கள். போட்டால் கண் கண்ணாடிக்குப் பழகிவிடும், பவர் ஏறிவிடும் என்பது உண்மையில்லை. பவர் ஏறுவது கண் வளர்வதால். பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது என்று நம்பி, மலேசியாவில் அப்படியே செய்து பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது: குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது.

பவர் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்கு இப்போது குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும், கண் நீள்வதைக் குறைப்பதற்கென்றே செய்த லென்ஸுகளும் இருக்கின்றன. ஆறு மாதத்தில் அரை டயாப்டர் ஏறியிருந்தால் டாக்டரிடம் நீங்களே இதைப் பற்றிக் கேளுங்கள். கண்ணைச் சுழற்றுவது, உள்ளங்கையைத் தேய்த்துக் கண்மேல் வைப்பது போன்ற பயிற்சிகள் களைப்பாற உதவலாம், கண்ணின் நீளத்தை அவை மாற்றாது. இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பச் சிரமப்படும் குழந்தைகளுக்கு மட்டும் டாக்டர்களே பயிற்சி தருவார்கள், அது வேறு விஷயம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். கண்புரையாக இருக்கலாம், குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் அந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்த முடிகிறது. மாறுகண் தெரிந்தால், நாலு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையென்றால், அது அதிர்ஷ்டம் என்றோ தானாகச் சரியாகும் என்றோ விட்டுவிடாதீர்கள். தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, படிக்கும்போது வரி தவறுவது, பள்ளி விட்டதும் தலைவலி என்பது, இருட்டியதும் தடுமாறுவது: இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் திங்கட்கிழமை காலையில் தொடங்கினால் புதன்கிழமையே நின்றுவிடும். முதல் வாரம் ஒரு கண்ணை மூடிச் சோதித்துப் பாருங்கள், டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அதே வாரத்தில், பிள்ளை இப்போது ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கிறது என்று ஏழு நாள் எழுதி வையுங்கள். நாங்கள் எழுதிய முதல் வாரச் சராசரி 25 நிமிடம். ஒரு மணி நேரமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து அதைப் பத்துப் பத்து நிமிடமாக ஏற்றுங்கள். அது பிடிபட்ட பிறகு மேசை நாற்காலியைச் சரிசெய்யுங்கள், அதற்கடுத்து திரை விதிகளுக்குப் போகலாம்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு கண்ணின் பவரையும், கண்ணின் நீளம் அளந்தால் அந்த எண்ணையும் தேதி போட்டு ஒரே நோட்டில் குறித்து வையுங்கள். கடைச் சீட்டுகள் தொலைந்துவிடும். டாக்டர் "போன தடவை எவ்வளவு இருந்தது?" என்று கேட்கும்போது அந்த நோட்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.